நீர்மம் சிந்திய மடிக்கணினியை மீட்டல்

நீர்மம் சிந்திய மடிக்கணினியை மீட்டல் என்பது, தண்ணீர், தேநீர், காப்பி, பழச்சாறு போன்ற நீர்மங்கள் தவறுதலாகக் கொட்டிய மடிக்கணினியின் உறுப்புகளையும், அதில் சேமிக்கப்பட்டுள்ள தகவல்களையும் காப்பதற்காக மேற்கொள்ளப்படும் செயல்முறைகளைக் குறிக்கும். மேசைக்கணினியில் விசைப்பலகை தனி உறுப்பாக இருப்பதால், அதன்மேல் கொட்டும் நீர்மம் பெரும்பாலும் விசைப்பலகையோடு நின்றுவிடுகிறது. மடிக்கணினியிலோ விசைப்பலகைக்கு நேர் கீழே, சில மில்லிமீட்டர் தொலைவில் தாய்ப்பலகையும் மின்கலமும் அமைந்துள்ளன. எனவே விசைகளின் இடைவெளி வழியே இறங்கும் சிறிதளவு நீர்மமும் கணினி முழுவதையும் செயலிழக்கச் செய்யலாம்.

மடிக்கணினி நனைவதால் மட்டும் உடனே பழுதடைவதில்லை. நனைந்த நிலையில் அதன் சுற்றுகளில் மின்சாரம் இருப்பதே விரைவான சேதத்திற்கு முதன்மைக் காரணமாகும். நீர்மம் விட்டுச்செல்லும் உப்புகளும் அமிலங்களும் மெதுவான சேதத்திற்குக் காரணமாகின்றன. ஆகவே மின்னிணைப்பை முழுவதுமாகத் துண்டித்தல், எச்சங்களைக் கழுவி நீக்குதல், உலர்த்துதல் ஆகிய மூன்றும் இதே வரிசையில் முதன்மை பெறுகின்றன. உலர்த்துதலை முதலிடத்தில் வைத்து, மற்ற இரண்டையும் விட்டுவிடுவதே மீட்பு முயற்சிகள் தோல்வியடைவதற்குப் பொதுவான காரணம் ஆகும்.

சேதம் ஏற்படும் முறை

மின்கடத்துதிறன்

தூய நீர் மிகக் குறைந்த அளவிலேயே மின்சாரத்தைக் கடத்தும். 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் தூய நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.055 மைக்ரோசீமென்சு ஆகும். கடல்நீரின் மின்கடத்துதிறன் ஏறத்தாழ 50,000 மைக்ரோசீமென்சு. அதாவது தூய நீரைப் போல் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் மடங்கு. குழாய்நீர், கிணற்றுநீர் ஆகியவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. அவற்றில் கரைந்துள்ள சோடியம், கால்சியம், குளோரைடு முதலிய அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன.

மின்னணுச் சுற்றுகளுக்கு நீர்மம் என்பது இயல்பிலேயே பகையன்று என்பதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உள்ளன. சுற்றுப்பலகைகள் தொழிற்சாலைகளில் பற்றவைக்கப்பட்ட பின், பற்றவைப்புப் பசையின் எச்சங்களை நீக்குவதற்காக அயனி நீக்கப்பட்ட நீரால் கழுவப்படுவதுண்டு. 1985ஆம் ஆண்டு வெளிவந்த கிரே-2 என்னும் மீத்திறன் கணினியின் சுற்றுப்பலகைகள், இயங்கிக்கொண்டிருக்கும்போதே புளூரினெர்ட் எனப்படும் மின்கடத்தா நீர்மத்தில் மூழ்க வைத்துக் குளிரூட்டப்பட்டன. முதல் எடுத்துக்காட்டில் நீர் உண்டு, மின்சாரம் இல்லை. இரண்டாவதில் மின்சாரம் உண்டு, கடத்தும் நீர்மம் இல்லை. இரண்டும் ஒருங்கே அமையும்போதே சேதம் தொடங்குகிறது.

குறுக்குச்சுற்று

மடிக்கணினியின் உள்ளே பல்வேறு மின்னழுத்தங்கள் அருகருகே உள்ளன. மின்னேற்றியிலிருந்து வரும் அழுத்தம் பல மாதிரிகளில் 19 அல்லது 20 வோல்ட் ஆகும். துணைச்சுற்றுகள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இயங்குகின்றன. மையச் செயலகத்தின் அழுத்தம் 1 வோல்ட் அளவிலேயே இருக்கும். திரையின் பின்னொளிக்கான அழுத்தமோ சில மாதிரிகளில் ஏறத்தாழ 50 வோல்ட் வரை உயர்கிறது. திரையை இணைக்கும் செருகியில் முனைகளுக்கு இடையேயான தொலைவு அரை மில்லிமீட்டர் அளவே ஆகும். அங்கே ஒரு துளி நீர்மம் தங்கினால், பின்னொளியின் உயரழுத்தம் அருகிலுள்ள தகவல் கம்பிக்குத் தாவி, 1 வோல்ட் அளவைத் தாங்கும் வகையில் அமைக்கப்பட்ட சில்லை நொடிப்பொழுதில் எரித்துவிடலாம். இத்தகைய சேதத்தை எவ்வளவு உலர்த்தினாலும் சரிசெய்ய இயலாது.

மின்பகுப்பு

இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டா உருவாக்கிய மின்னடுக்கைப் பயன்படுத்தி, 1800ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் நிக்கல்சன், அந்தோனி கார்லைல் ஆகியோர் நீரை ஐதரசனாகவும் ஆக்சிசனாகவும் பகுத்துக் காட்டினர். நனைந்த தாய்ப்பலகையில் நிகழ்வதும் அதே வினையே. நீரைப் பகுப்பதற்குத் தேவையான குறைந்த அளவு மின்னழுத்தம் 1.23 வோல்ட் மட்டுமே. மடிக்கணினியின் பெரும்பாலான மின்தடங்களில் இதைவிடக் கூடுதலான அழுத்தம் உள்ளது.

நேர்மின்வாயாக அமையும் செப்புத் தடத்திலிருந்து செம்பு அயனிகளாகக் கரைந்து வெளியேறுகிறது. அவ்வயனிகள் நீர்மத்தின் வழியே நகர்ந்து எதிர்மின்வாயில் மீண்டும் உலோகமாகப் படிகின்றன. இவ்வாறு படியும் உலோகம் மரக்கிளை போன்ற வடிவில் வளர்ந்து, எதிர்த்தடத்தைத் தொடும்போது புதியதொரு குறுக்குச்சுற்று உண்டாகிறது. இது மின்வேதி இடப்பெயர்ச்சி எனப்படும். வெள்ளியில் இவ்வகை இடப்பெயர்ச்சி நிகழ்வதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தினர் 1955ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். மின்னழுத்தமும் ஈரமும் ஒருங்கே இருந்தால் இக்கிளைகள் வளர்வதற்குச் சில நிமிடங்களே போதுமானவை. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் இவ்வளர்ச்சி அக்கணமே நின்றுவிடும்.

அரிமானம்

மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னரும் அரிமானம் மெதுவாகத் தொடரும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பச்சை நிறத்தில் படியும் களிம்பு, தாய்ப்பலகையின் செப்புத் தடங்களிலும் பற்றுமுனைகளிலும் தோன்றுகிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கும்போது, புளியிலுள்ள அமிலம் மேற்படலத்தைக் கரைத்துப் பளபளப்பான உலோகத்தை வெளிக்கொணர்கிறது. பாத்திரத்திற்கு நன்மையாகும் அதே வினை, மனித முடியைப் போல் மெல்லிய செப்புத் தடத்திற்குக் கேடாகிறது.

நீர்மம் சில்லுகளின் அடிப்புறத்திற்கும் தாய்ப்பலகைக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய இடைவெளியில் நுண்புழை விளைவால் இழுக்கப்பட்டுத் தங்குகிறது. அங்கே காற்றோட்டம் இல்லாமையால் எளிதில் ஆவியாவதில்லை. வெளிப்புறம் முற்றிலும் உலர்ந்து காணப்படும் மடிக்கணினி, வாரங்களோ மாதங்களோ கழித்துத் திடீரெனச் செயலிழப்பதற்கு இதுவே காரணம்.

நீர்மத்தின் வகையும் பாதிப்பும்

சேதத்தின் தன்மை, சிந்திய நீர்மத்தில் கரைந்துள்ள பொருள்களைப் பொறுத்து வேறுபடுகிறது.

குடிநீர்: உப்புகள் குறைவாக இருப்பின் மீட்பு வாய்ப்பு அதிகம். உவர்ப்பான நிலத்தடி நீரில் இவ்வாய்ப்பு குறையும். நீர் ஆவியான பின் வெண்ணிற உப்புப் படிவு எஞ்சும். மழைக்காலத்தில் அது மீண்டும் ஈரத்தை ஈர்க்கும்.

சர்க்கரையிட்ட தேநீரும் காப்பியும்: சர்க்கரை நீரில் அயனிகளாகப் பிரிவதில்லை, எனவே அது தானாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. எனினும் உலர்ந்தபின் பிசினைப் போல் ஒட்டிக்கொண்டு, விசைகளை இயங்கவிடாமல் செய்வதோடு காற்றிலுள்ள ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. பால் கலந்திருந்தால் அதிலுள்ள புரதமும் கொழுப்பும் கெட்டியான படலமாக மாறும். பாலிலுள்ள கால்சியம், குளோரைடு அயனிகள் மின்சாரத்தைக் கடத்தும்.

பழச்சாறும் குளிர்பானங்களும்: எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலமும், கோலா வகைப் பானங்களில் பாசுபாரிக் அமிலமும் உள்ளன. இவற்றின் பி.எச். மதிப்பு 2 முதல் 3 வரை இருக்கும். அமிலம், சர்க்கரை ஆகிய இரண்டும் சேர்வதால் இவை தண்ணீரைவிடப் பெரும் தீங்கு விளைவிக்கின்றன.

இளநீர், மோர், குழம்பு வகைகள்: இளநீரில் பொட்டாசியம் மிகுதி. மோரில் இலாக்டிக் அமிலமும், பெரும்பாலும் உப்பும் இருக்கும். குழம்பு வகைகளில் உப்புடன் புளியும் சேர்ந்திருக்கும். இவை அனைத்தும் நல்ல மின்கடத்திகள் ஆகும்.

கடல்நீர்: மின்கடத்துதிறன் மிகுதியாலும், குளோரைடின் அரிக்கும் தன்மையாலும் மிகக் கடுமையான சேதத்தை விளைவிப்பது இதுவே.

எண்ணெய்: மின்சாரத்தைக் கடத்தாது. ஆயினும் தூசியை ஈர்த்து, செருகிகளிலும் விசிறியிலும் படிந்து நாளடைவில் இயக்கத்தைத் தடுக்கும்.

உடனடி நடவடிக்கைகள்

சிந்திய முதல் சில நிமிடங்களில் செய்யப்படுவனவே மீட்பின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. திறந்துள்ள கோப்பைச் சேமிப்பதற்காகச் செலவிடும் நேரமும், கணினியை முறைப்படி மூடுவதற்காகக் காத்திருக்கும் நேரமும் சேதத்தைக் கூட்டும்.

1. மின்னேற்றி இணைக்கப்பட்டிருந்தால் சுவரிலுள்ள ஆளியை முதலில் அணைக்க வேண்டும். மின்னேற்றியோ, நீட்டிப்புப் பலகையோ நனைந்திருந்தால் அவற்றை ஈரக்கையால் தொடுதல் கூடாது. அவற்றில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கக்கூடும். ஆளியும் நனைந்திருப்பின் வீட்டின் முதன்மை ஆளியை அணைக்க வேண்டும். அதன் பின்னரே மின்னேற்றியின் கம்பியைக் கணினியிலிருந்து நீக்க வேண்டும்.

2. ஆற்றல் பொத்தானைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்துக் கணினியை அணைக்க வேண்டும். பெரும்பாலான கணினிகள் 4 முதல் 10 நொடிகளுக்குள் அணைந்துவிடும். மடிக்கணினியை மூடிவைப்பது அணைப்பதாகாது. அது உறக்கநிலைக்கே செல்லும். உறக்கநிலையில் நினைவகத்திற்கு மின்சாரம் தொடர்ந்து செல்கிறது.

3. மின்கலம் கழற்றக்கூடியதாக இருந்தால் உடனே கழற்ற வேண்டும். அடிப்பகுதியின் உள்ளே பொருத்தப்பட்டதாக இருந்தால், மூடியின் திருகாணிகளை நீக்கி, தாய்ப்பலகையிலிருந்து மின்கலத்தின் செருகியைப் பிரிக்க வேண்டும்.

4. யூ.எசு.பி. நினைவுக் குச்சி, சுட்டி, நினைவட்டை முதலிய புற உறுப்புகள் அனைத்தையும் நீக்க வேண்டும்.

5. மேற்பரப்பிலுள்ள நீர்மத்தை, இழை உதிராத பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்ப்பது நீர்மத்தை விசைகளின் அடியில் தள்ளும்.

6. கணினியை விரித்து, கூரை வடிவில், விசைப்பலகை கீழ்நோக்கியிருக்குமாறு ஒரு துணியின்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். நீர்மம் வந்த வழியே வடிவதற்கு இது உதவும். கணினியைக் குலுக்குதலும், பக்கவாட்டில் மாறி மாறிச் சாய்த்தலும் கூடாது. அவை நீர்மத்தை அதுவரை நனையாத பகுதிகளுக்கும் திரைக்கும் பரப்பிவிடும்.

7. பழுது நீக்குபவரிடம் கொண்டுசெல்வதாயின், சிந்திய நீர்மம் எது, ஏறத்தாழ எவ்வளவு, எப்போது சிந்தியது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கழுவும் முறை இவற்றைப் பொறுத்தே அமையும்.

அணைத்தலும் மின்துண்டிப்பும்

அணைக்கப்பட்ட மடிக்கணினியில் மின்சாரமே இருப்பதில்லை என்பது பரவலான தவறான கருத்து. இக்காலக் கணினிகளின் ஆற்றல் பொத்தான் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் ஆளியன்று. அது கட்டுப்பாட்டுச் சில்லுக்கு ஒரு குறிப்பை மட்டுமே அனுப்புகிறது. அப்பொத்தான் அழுத்தப்படுவதை உணர்வதற்காகவே, கணினி அணைந்திருக்கும்போதும் சில சுற்றுகள் மின்கலத்திலிருந்து மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டிருக்கின்றன. மின்கலத்தை நேரடியாகப் பெறும் தடங்களிலும் முழு அழுத்தம் இருக்கும். எனவே, அணைத்துவிட்டு மின்கலத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் உலரவைத்த கணினியில், அவ்விரண்டு நாளும் மின்பகுப்பு நடந்துகொண்டே இருக்கலாம்.

உள்ளமைந்த மின்கலம் பரவலாவதற்கு முன், 2000களின் பெரும்பாலான மடிக்கணினிகளில் அடிப்புறத்திலுள்ள தாழ்ப்பை நகர்த்தி மின்கலத்தைக் கழற்றிவிட முடிந்தது. மெல்லிய மடிக்கணினிகள் பெருகிய பின், அச்செயலுக்குத் திருகுளி தேவைப்படுகிறது. திறக்க இயலாதவர் கணினியை அணைத்துக் கவிழ்த்துவைத்து, இயன்றவரை விரைவாகத் திறக்கத் தெரிந்தவரிடம் சேர்ப்பதே சரியான வழி. பல மாதிரிகளில் கடிகாரத்தை இயக்கும் சிஆர்2032 போன்ற 3 வோல்ட் நாணய மின்கலமும் தாய்ப்பலகையில் இருக்கும். அதனையும் பிரித்தல் நலம்.

திறந்து கழுவுதல்

சிறிதளவு தூய குடிநீர் மட்டும் சிந்தி, அது தாய்ப்பலகையை எட்டவில்லை எனத் திறந்து பார்த்து உறுதிசெய்யப்பட்டால் உலர்த்துதல் மட்டுமே போதும். ஏனைய நிலைகளில் எச்சங்களைக் கழுவி நீக்க வேண்டும். கழுவுவதற்கு முன் மின்கலம், சேமிப்பகம், விசிறி, திரை ஆகியவை தனியே பிரிக்கப்படுகின்றன.

கழுவுவதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்ககால் பரவலாகப் பயன்படுகிறது. இது நீருடன் எவ்விகிதத்திலும் கலந்து, ஈரத்தை இடுக்குகளிலிருந்து வெளிக்கொணர்ந்து விரைவில் ஆவியாகிறது. எனினும் சர்க்கரையும் உப்பும் இதில் மிகச் சிறிதளவே கரையும். எனவே தேநீரோ குளிர்பானமோ கொட்டிய தாய்ப்பலகையை ஆல்ககாலால் மட்டும் துடைத்தால் எச்சம் அகலாது. முதலில் காய்ச்சி வடித்த நீரில் மென்தூரிகையைத் தோய்த்துச் சர்க்கரையையும் உப்பையும் கரைத்து நீக்கிவிட்டு, அதன்பின் 90 விழுக்காட்டிற்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் கழுவுவதே பொருத்தமான வரிசை. மின்னாக்கி மின்கலங்களில் ஊற்றுவதற்காகக் கடைகளில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர், குழாய்நீரைவிட இதற்கு ஏற்றது. நனைந்த கணினியை மேலும் நனைப்பது முரணாகத் தோன்றினும், மின்சாரம் துண்டிக்கப்பட்டுள்ள நிலையில் உப்பற்ற நீர் தீங்கு செய்வதில்லை.

ஐசோபுரொப்பைல் ஆல்ககால் எளிதில் தீப்பற்றக் கூடியது. இதன் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியசு. அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே இதன் ஆவி தீப்பொறியால் பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி ஆகியவை இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்திலேயே இதனைப் பயன்படுத்த வேண்டும். திரையின்மேல் இதனை ஊற்றுதல் கூடாது.

பழுது நீக்கும் நிலையங்களில், சில்லுகளின் அடியில் தங்கிய எச்சத்தை நீக்க மீயொலித் தூய்மிப்பு முறை கையாளப்படுகிறது. தாய்ப்பலகை நீர்மத் தொட்டியில் வைக்கப்பட்டு மீயொலி அலைகள் செலுத்தப்படுகின்றன. அவற்றால் உண்டாகும் நுண்குமிழிகள் உடையும்போது, தூரிகை எட்டாத இடங்களிலும் அழுக்கு பெயர்க்கப்படுகிறது.

விசைப்பலகை பெரும்பாலும் மீட்கப்படுவதில்லை. அதன் உள்ளே மின்கடத்தும் மை பூசிய மெல்லிய ஞெகிழித் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் இடையே புகும் நீர்மத்தைக் கழுவி நீக்குவது கடினம். மாற்று விசைப்பலகை பொருத்துவதே வழக்கம்.

கழுவிய பின், திறந்த நிலையிலேயே மின்விசிறியின் மென்காற்றில் ஒன்று முதல் இரண்டு நாள் உலர்த்தப்படுகிறது. பின்னர் பன்னளவி கொண்டு குறுக்குச்சுற்று எதுவும் இல்லை என உறுதிசெய்துகொண்டு மின்சாரம் இணைக்கப்படுகிறது. அரிமானம் அடைந்த நுண்ணுறுப்புகள் இருப்பின் அவை இதற்கு முன்பே மாற்றப்படும்.

தகவல் மீட்பு

மடிக்கணினியை விலைகொடுத்து மீண்டும் வாங்க இயலும். அதிலிருந்த ஆய்வேட்டையோ, கணக்குகளையோ, மறைந்தவர்களின் ஒளிப்படங்களையோ அவ்வாறு வாங்க இயலாது. எனவே கணினி, தகவல் ஆகிய இரண்டில் எது முதன்மையானது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. தகவலே முதன்மை எனில், கணினி இயங்குகிறதா என மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதைத் தவிர்த்துச் சேமிப்பகத்தைப் பிரித்தெடுப்பதே ஏற்றது.

கழற்றக்கூடிய திண்மநிலைச் சேமிப்பகம் உலர்ந்திருந்தால், அதனைத் தக்க இணைப்புப் பெட்டியில் பொருத்தி வேறொரு கணினியில் தகவல்களைப் படியெடுக்கலாம். வன்தட்டின் நிலை வேறு. மடிக்கணினிகளில் பயன்படும் வன்தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமன்செய்வதற்கான நுண்துளை உண்டு. அதன் வழியே நீர்மம் உள்ளே செல்லக்கூடும். உள்ளே நனைந்த வன்தட்டை உலர்த்துதல் கூடாது. உலரும்போது நீரிலுள்ள அழுக்கு தட்டுகளின்மேல் படிந்து இறுகிவிடும். அதனை ஈரம் உலராதபடி உறையிலிட்டு மூடித் தகவல் மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை. அதற்கு மின்சாரம் கொடுத்தல் எந்நிலையிலும் கூடாது.

கடுமையாகச் சிதைந்த வன்தட்டிலிருந்தும் தகவல்களை மீட்க இயலும் என்பதற்குக் கொலம்பியா விண்ணோடம் சான்றாகும். 2003 பிப்ரவரி 1 அன்று அவ்விண்ணோடம் வளிமண்டலத்தில் சிதைந்தபோது, அதிலிருந்த ஏழு விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர். செனான் வளிமத்தின் பாகுநிலை குறித்த ஆய்வின் அளவீடுகளைக் கொண்டிருந்த 400 மெகாபைட் வன்தட்டு ஒன்று, சில மாதங்களுக்குப் பின் வறண்ட ஏரிப் படுகையில் கருகிய நிலையில் கிடைத்தது. அதன் தட்டுகளைக் கழுவி வேறொரு வன்தட்டின் உறையில் பொருத்தியபோது ஏறத்தாழ 99 விழுக்காடு தகவல்கள் மீண்டன. அவ்வாய்வின் முடிவுகள் 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன.

எனினும் புதிய மடிக்கணினிகளில் இத்தகைய மீட்பு கடினமாகி வருகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் பல மடிக்கணினிகளிலும், வேறு சில மெல்லிய மாதிரிகளிலும் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டு முதல் வந்த டி2 சில்லு கொண்ட மேக்புக்குகளிலும், 2020ஆம் ஆண்டு முதல் வந்த ஆப்பிள் செயலி கொண்டவற்றிலும் தகவல்கள் அச்சில்லோடு பிணைந்த திறவுகோலால் மறையாக்கம் செய்யப்படுகின்றன. ஆகையால் நினைவகச் சில்லை மட்டும் பெயர்த்தெடுத்துப் பயனில்லை. தாய்ப்பலகையை உயிர்ப்பித்தால் மட்டுமே தகவல் கிட்டும். விண்டோசு இயங்குதளத்தின் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கும் கணினிகளில், பிரித்தெடுத்த சேமிப்பகத்தைப் படிக்க 48 இலக்க மீட்புத் திறவுகோல் தேவை. அது பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

மீட்கப்பட்ட கணினி இயங்கத் தொடங்கியவுடன் முதலில் செய்யவேண்டியது தகவல்களை வேறிடத்தில் படியெடுத்தலே ஆகும். அது மீண்டும் எத்தனை நாள் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை.

தவறான நம்பிக்கைகள்

அரிசியில் புதைத்தல்: அரிசி ஈரத்தை உறிஞ்சி எடுக்கும் எனக் கருதப்படுகிறது. அரிசி கணினியின் உட்பகுதியைத் தொடுவதில்லை. திறந்த அறையின் காற்றோட்டத்தைவிட அது சிறந்ததும் அன்று. உப்பையும் சர்க்கரையையும் அது நீக்குவதில்லை. மாறாக, அரிசித் தூளும் குருணையும் துளைகளில் நுழைகின்றன. ஈரமான ஐபோனை அரிசிப் பையில் வைக்கலாகாது என ஆப்பிள் நிறுவனம் 2024ஆம் ஆண்டில் தன் பயனர்களுக்கு அறிவுறுத்தியது.

முடியுலர்த்தியும் வெயிலும்: சூடான காற்று ஞெகிழி உறுப்புகளை நெளியச் செய்வதுடன், நீர்மத்தை மேலும் உள்ளே தள்ளும். சர்க்கரை எச்சத்தை இறுகச் செய்யும். வெயிலின் சூடு மின்கலத்திற்கும் திரைக்கும் தீங்கானது.

தூசி உறிஞ்சி: இதன் ஞெகிழிக் குழாயில் தோன்றும் நிலைமின்சாரம் சில்லுகளைப் பழுதாக்கக்கூடும்.

இயங்குகிறது, எனவே சேதமில்லை: சிந்திய பின்னரும் கணினி இயங்குவது, நீர்மம் இன்னும் முக்கியமான இடத்தை அடையவில்லை என்பதை மட்டுமே காட்டலாம். தொடர்ந்து இயக்குவதே சேதத்தை நிறைவுசெய்கிறது.

மின்கலத்தின் ஆபத்து

மடிக்கணினிகளில் பயன்படும் இலித்தியம்-அயனி மின்கலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.6 அல்லது 3.7 வோல்ட் பெயரளவு அழுத்தம் கொண்டது. இவை பல ஒன்றிணைக்கப்பட்டு, பாதுகாப்புச் சுற்றுடன் ஒரே தொகுதியாக அமைக்கப்படுகின்றன. நீர்மம், சிறப்பாக உப்புநீர், இச்சுற்றைப் பாதித்தால் குறுக்குச்சுற்று உண்டாகி, மின்கலம் கட்டுப்பாடின்றிச் சூடேறித் தீப்பற்றக்கூடும். நனைந்த மின்கலத்தில் உப்பல், சூடு, இனிப்பு போன்ற வாடை, சீறும் ஒலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் மீட்பு முயற்சியைக் கைவிட்டு, எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலகி வெட்டவெளியில் வைக்க வேண்டும். அதனைக் குத்துதலும், வளைத்தலும், மீண்டும் மின்னேற்றுதலும் கூடாது. நனைந்த மின்கலத்தைக் கழுவிப் பயன்படுத்தாமல் புதியது பொருத்துவதே பாதுகாப்பானது.

உத்தரவாதமும் வடிவமைப்பும்

மடிக்கணினி நிறுவனங்களின் வழக்கமான உத்தரவாதத்தில் நீர்மச் சேதம் அடங்குவதில்லை. தனியாக வாங்கப்படும் விபத்துக் காப்பீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் இது அடங்கும். பல மாதிரிகளின் உள்ளே, நனைந்தால் வெண்ணிறத்திலிருந்து சிவப்பாக மாறும் சிறு ஒட்டுத்தாள்கள் பொருத்தப்பட்டுள்ளன. கணினி நனைந்ததை மறைத்துப் பழுது நீக்கக் கொடுப்பதால் பயனில்லை; அது முறையான கழுவுதலைத் தாமதப்படுத்தவே செய்யும்.

சில மடிக்கணினிகள் சிந்தலைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன. திங்க்பேட் வரிசையின் பல மாதிரிகளில், விசைப்பலகையில் விழும் நீர்மத்தை அடிப்புறத் துளைகள் வழியே வெளியேற்றும் வடிகால் அமைப்பு உள்ளது. பேனசோனிக் நிறுவனத்தின் டஃப்புக் வரிசை, வெளிப்புறப் பணிகளுக்காக உறுதியாக அமைக்கப்பட்டது. கருவிகளின் நீர்த்தடுப்புத் திறன் ஐ.இ.சி. 60529 என்னும் பன்னாட்டுச் சீர்தரத்தால் குறிக்கப்படுகிறது. இதில் ஐபிஎக்ஸ்4 எனின் எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிக்கும் நீரையும், ஐபிஎக்ஸ்7 எனின் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதையும் தாங்கும் எனப் பொருள்படும். இச்சோதனைகள் தூய நீரைக் கொண்டே செய்யப்படுகின்றன. தேநீருக்கும் குளிர்பானத்திற்கும் அவை உறுதியளிப்பதில்லை. மேலும், வடிகால் அமைப்பு அவகாசத்தை மட்டுமே தருகிறது. அணைத்தலும் மின்துண்டிப்பும் அப்போதும் தேவை.

தடுப்பு முறைகள்

குவளையை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைக்காமல், அதைவிடத் தாழ்வான வேறொரு மேசையில் வைத்தல், மூடியுள்ள குவளையைப் பயன்படுத்துதல், விசைப்பலகை மேலுறை இடுதல் ஆகியவை எளிய தடுப்பு முறைகள் ஆகும். தாங்கியின்மேல் மடிக்கணினியை உயர்த்திவைத்துத் தனி விசைப்பலகையைப் பயன்படுத்தினால், சிந்தும் நீர்மம் விலைகுறைந்த அவ்விசைப்பலகையோடு நின்றுவிடும்.

இவை அனைத்தினும் முதன்மையானது காப்புப்படி எடுத்தலே. வேறொரு வன்தட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ தகவல்களின் படி ஒன்று தொடர்ந்து எடுக்கப்பட்டு வந்தால், நீர்மம் சிந்துதல் பண இழப்பாக மட்டுமே முடியும். அத்துடன், கோப்பைச் சேமிக்க வேண்டும் என்ற தயக்கமின்றி அக்கணமே கணினியை அணைக்கவும் அது வழிசெய்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

மின்பகுப்பு
அரிமானம்
இலித்தியம்-அயனி மின்கலம்
தாய்ப்பலகை
காப்புப்படி